கரிசல் நிலத்துக் கிணறுகளும் நாட்டின் கணக்கும்: நீர்த்தரக் கண்காணிப்பில் புள்ளியியல் முறைகள்

நீர்த்தரக் கண்காணிப்பு அடிப்படையில் ஒரு கூறெடுப்புப் பணி. நாட்டிலுள்ள எல்லாக் கிணறுகளையும் எல்லா நாள்களிலும் சோதிக்க எவராலும் இயலாது. சில கிணறுகளில், சில நாள்களில், சில குடுவைகளில் பிடித்த நீரைக் கொண்டு எஞ்சிய அனைத்தையும் பற்றி முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த முடிவு எவ்வளவு நம்பத் தகுந்தது என்பதை ஆய்வகக் கருவியின் துல்லியம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தக் கிணறு, எந்த மாதம், எத்தனை முறை, கிடைத்த எண்ணை எப்படித் தொகுப்பது என்ற கேள்விகளுக்குத் தரப்படும் விடையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இந்தியா போன்ற பெரிய நாட்டில் இக்கேள்விகளுக்கு ஒரே விடை பொருந்தாது. நாட்டளவில் மிகச் சரியாக இருக்கும் ஒரு விழுக்காடு, ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் அளவில் ஏறக்குறைய எதையுமே சொல்லாமல் போகக்கூடும். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை – திருச்சுழி வறண்ட நிலப்பகுதியைச் சான்றாகக் கொண்டு இதனை இக்கட்டுரை ஆராய்கிறது. பாறை, மண், கிணற்றின் ஆழம், வட்டார மழைக்காலம் ஆகியவற்றின்படி நிலத்தைப் பிரித்துக் கூறெடுக்காத வரை, எவ்வளவு மாதிரிகள் சேர்த்தாலும் இந்நிலத்து மக்கள் குடிக்கும் நீரைப் பற்றிய உண்மை வெளிப்படாது என்பதே இதன் வாதம்.

நிலமும் நீரும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள நிலம் முன்னாள் இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதி. 1985இல் அதிலிருந்து பிரிக்கப்பட்ட இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. மேற்கிலும் தெற்கிலும் கரிசல் மண் பரந்திருக்கிறது, இடையிடையே செவல். குண்டாறு திருச்சுழியை ஒட்டிச் செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான் தெரியும். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ. அதன் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. கண்மாயும் ஊருணியும் அந்த மூன்று மாத மழையைப் பிடித்து வைப்பதற்காக உருவானவை.

அடியில் இருப்பது பெரும்பாலும் பழைய கடும்பாறை: நைஸ், சார்னோகைட், இடையே சுண்ணாம்புக்கல் பட்டைகள். பந்தல்குடிப் பகுதியில் இச்சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படுகிறது. கடும்பாறைக்குள் நீர் இரண்டு இடங்களில் தங்குகிறது. மேலே சிதைந்த பாறையும் மண்ணும் கலந்த அடுக்கு. திறந்த கிணறுகள் அதிலிருந்து நீர் எடுக்கின்றன. கீழே பாறை வெடிப்புகள். ஆழ்துளைக் கிணறுகள் அவற்றை எட்டுகின்றன. இவ்விரண்டின் நீரும் வேதியியலில் வேறுபட்டவை. பாறையோடு நீண்ட காலம் தொட்டுக்கொண்டிருக்கும் ஆழ்நீர் கனிமங்களிலிருந்து ஃபுளூரைடைக் கரைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். மேல்நீர் எருக்குழி, உரம், கழிவுநீர் வழியாக நைட்ரேட்டை ஏற்கிறது. கரிசலில் நீர் விரைவில் கீழிறங்காமல் மேற்பரப்பிலேயே ஆவியாவதால் உப்பு தங்குகிறது. ஆகவே ஒரே ஊரில் ஒரு கிணறு நல்ல தண்ணீராகவும், கூப்பிடு தூரத்திலுள்ள இன்னொன்று வாயில் வைக்க முடியாத உப்பாகவும் இருப்பது இங்கே வழக்கமான செய்தி. தாமிரபரணி, வைகைப் படுகைகளிலிருந்து குழாய் வழியாக இப்பகுதிக்கு நீர் கொண்டுவரப்படுவதற்கும், வண்டியில் வரும் நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் பழக்கம் வேரூன்றியதற்கும் காரணம் இதுவே.

சிக்கல் பழையது. இந்தியாவில் ஃபுளூரோசிஸ் நோய் குறித்த தொடக்ககால மருத்துவப் பதிவு 1937இல் அன்றைய சென்னை மாகாணத்திலிருந்தே வந்தது. பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட பிறகுதான் நீரைச் சோதிக்கும் எண்ணம் எழுந்தது. கண்காணிப்பின் நோக்கம் இந்த வரிசையை மாற்றி, நோய்க்கு முன்னால் செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பது.

நாடு தழுவிய அமைப்பு

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாநில வாரியங்களோடு சேர்ந்து 4,700க்கும் மேற்பட்ட இடங்களில் ஆறு, ஏரி, நிலத்தடி நீர் ஆகியவற்றைக் கண்காணிக்கிறது. நிலத்தடி நீருக்கென்றே உள்ள மத்திய நிலத்தடி நீர் வாரியம் நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. தரத்தை அது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, கோடையில் சோதித்துவந்தது. தமிழ்நாட்டில் 1971இல் தொடங்கப்பட்ட குடிநீர் வடிகால் வாரியம் மாவட்ட ஆய்வகங்களை நடத்துகிறது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஊர்தோறும் குடிநீர் ஆதாரங்களை ஆண்டுக்கு ஒருமுறை வேதியியல் சோதனைக்கும் இருமுறை நுண்ணுயிர்ச் சோதனைக்கும் உட்படுத்த வேண்டும் என்கிறது.

அளவுகோல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 (2012). அதன்படி கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரம் இல்லாதபோது 2,000 வரை பொறுக்கலாம். ஃபுளூரைடுக்கு இவ்விரு வரம்புகளும் 1.0, 1.5 மி.கி. நைட்ரேட்டுக்கு 45 மி.கி.; அதில் தளர்வு கிடையாது.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 ஆண்டறிக்கை, நாடெங்கும் 15,259 இடங்களில் 2023இல் எடுத்த மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி 19.8 விழுக்காடு மாதிரிகளில் நைட்ரேட்டும், 9.04 விழுக்காட்டில் ஃபுளூரைடும் வரம்பைத் தாண்டின. போக்கை அறிவதற்காக 4,982 நிலையங்களில் மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்கும் ஏற்பாடும் அதில் இடம்பெற்றது. இது நல்ல முன்னேற்றம். இந்த எண்களை எந்த அளவுக்குக் கீழே கொண்டு செல்லலாம் என்பதே இனி ஆராய வேண்டியது.

எத்தனை கிணறு, எந்தக் கிணறு

ஃபுளூரைடு விழுக்காட்டை 9 என்று கொள்வோம். 15,259 மாதிரிகளும் சமவாய்ப்பு முறையில் எடுக்கப்பட்டவை என்று வைத்துக்கொண்டால், அதன் திட்டப் பிழை 0.23 விழுக்காடு, 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி, 9க்கு இருபுறமும் அரை விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். நாட்டின் பரப்பு ஏறத்தாழ 32.87 லட்சம் சதுர கி.மீ. எனவே சராசரியாக 215 சதுர கி.மீ.க்கு ஒரு மாதிரி. இந்த அடர்த்தியில் ஏறத்தாழ 4,240 சதுர கி.மீ. பரப்புள்ள விருதுநகர் மாவட்டத்துக்கு 20 மாதிரிகள் வரும். மாவட்டத்தில் 11 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு இரண்டு கிணறுகூட முழுமையாக வராது.

இரண்டு கிணற்றைக் கொண்டு திருச்சுழி ஒன்றியத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்? பத்துக் கிணறுகள் இருப்பதாகவே கொள்வோம். உண்மையில் 9 விழுக்காடு கிணறுகளில் ஃபுளூரைடு மிகுந்திருந்தாலும், பத்து மாதிரியில் ஒன்றுகூட வரம்பைத் தாண்டாமல் இருப்பதற்கான வாய்ப்பு 39 விழுக்காடு. பத்தும் தேறிவிட்டன என்ற முடிவு, ஒன்றியத்தில் கெட்ட கிணறுகள் 26 விழுக்காடு வரை இருக்கக்கூடும் என்பதோடு முரண்படாது. ஒரு கெட்ட கிணறாவது 95 விழுக்காடு உறுதியோடு கண்ணில் பட வேண்டுமானால் 32 கிணறுகளைச் சோதிக்க வேண்டும். ‘பாதிப்பு இல்லை’ என்ற சொல்லை எழுதும் முன் எத்தனை மாதிரியின் பேரில் என்பதையும் சேர்த்து எழுதுவது அறிவியல் நேர்மையின் முதற்படி.

எண்ணிக்கையைவிட முக்கியமானது தெரிவு. சாலையோரக் கிணறு, பள்ளிக்கூடத்து அடிகுழாய், எளிதில் போய்வரக்கூடிய ஊராட்சிக் கிணறு என்று வசதிப்படி எடுத்த மாதிரிகள் எத்தனை ஆயிரமானாலும் அவற்றின் சாய்வு குறையாது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007இல் நாட்டின் ஏரிகளைப் பற்றி மதிப்பிட்டபோது, 1,000க்கும் மேற்பட்ட ஏரிகளை வாய்ப்பு முறையில் தெரிந்தெடுத்தது இதனால்தான். வங்கதேசத்தில் 1998–99இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனமும் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் நாடு தழுவி எடுத்த 3,534 கிணற்று மாதிரிகள், ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகளில் 27 விழுக்காட்டில் ஆர்சனிக் அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியதைக் காட்டின. ஆழக் கிணறுகளைத் தனியே பிரித்துப் பார்த்ததால்தான் ஆபத்து எந்த அடுக்கில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று.

பிரித்துப் பார்ப்பதற்கான கணிதம் 1934இல் ஜெர்சி நெய்மன் தந்தது. நிலத்தை ஒத்த தன்மையுள்ள பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் அளவு, அதற்குள் நிலவும் ஏற்ற இறக்கம் ஆகிய இரண்டின் பெருக்கத்துக்கு ஏற்ப மாதிரிகளை ஒதுக்க வேண்டும் என்பது அவரது விதி. விளக்கத்துக்காக நூறு ஊர்களைக் கொள்வோம். அறுபது செவல் ஊர்களில் திடப்பொருள் அளவின் திட்டவிலக்கம் 400. நாற்பது கரிசல் ஊர்களில் 1,500. முப்பது மாதிரிகளை ஊர் எண்ணிக்கைப்படி பிரித்தால் 18, 12 என்று வரும். நெய்மன் விதிப்படி 9, 21 என்று வரும். நீர் எங்கே அதிகம் மாறுகிறதோ அங்கே அதிகமாகப் போய்ப் பார் என்பதே இதன் பொருள். சராசரி அடர்த்தியில் குச்சி நட்டதுபோல் நிலையங்களை அமைக்கும் முறை இதற்கு நேர்மாறானது.

இந்த அறிவு இந்தியாவுக்கு அயலானதன்று. பி.சி. மகலனோபிஸ் 1931இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், வங்காளத்துச் சணல் பயிரை மாதிரிகள் வழியே மதிப்பிட்டு உலகுக்கு வழிகாட்டியது. ஒரே பரப்பில் இரு குழுக்கள் தனித்தனியே மாதிரி எடுத்து, இரண்டின் வேறுபாட்டிலிருந்து களப்பிழையை அளக்கும் முறை அவருடையது. பயிர் அறுவடைச் சோதனைகளின் நுட்பத்தைப் பி.வி. சுகாத்மே வளர்த்தார். பயிருக்குச் செய்ததை நீருக்குச் செய்யவே இன்னும் முழு முயற்சி எடுக்கப்படவில்லை. மாவட்ட ஆய்வகமும் ஒரு கல்லூரி ஆய்வகமும் தனித்தனிக் குழுக்களாக அதே ஒன்றியத்தில் மாதிரி எடுத்தால், வேறெந்தச் சான்றிதழும் தராத நம்பகத்தன்மையை அந்த ஒப்பீடு தரும்.

எந்த மாதம்

நாட்டின் பெரும்பகுதிக்கு மழை ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. அங்கே மே மாத மாதிரி மழைக்கு முந்தைய நிலையையும் நவம்பர் மாத மாதிரி மழைக்குப் பிந்தைய நிலையையும் காட்டும். அருப்புக்கோட்டையில் நிலைமை வேறு. கோடை முடிந்தும் வறட்சி தொடர்கிறது. மழைக்கு முந்தைய கடைசிக் கட்டம் செப்டம்பர். நவம்பர் என்பது மழையின் நடுப்பகுதி. மழைக்குப் பிந்தைய நிலை ஜனவரியில்தான் அமைகிறது. தில்லியின் நாள்காட்டியில் ‘மழைக்கு முன், பின்’ என்று பதிவாகும் இரண்டு எண்கள், திருச்சுழியில் ‘கோடை, மழை நடு’ என்பதையே குறிக்கும். இவற்றை மற்ற மாநில எண்களோடு ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுவது பிழையான ஒப்பீடு.

மழை எல்லாவற்றையும் நீர்த்துப் போகச் செய்யும் என்ற எண்ணமும் முழுமையன்று. முதல் மழை, மண்ணில் தேங்கிய உப்பையும் நைட்ரேட்டையும் கழுவிக் கீழே இறக்குகிறது. ஆகவே மேல்நீரில் நைட்ரேட், மழைக்குப் பின் சில காலம் கூடக்கூடும். ஆழ்நீரில் ஃபுளூரைடு அவ்வளவு விரைவாக மாறாது. எனவே பொருளுக்குப் பொருள் பருவத்தின் விளைவு வேறு. ஆண்டுக்கு ஒரு மாதிரி இந்த வேறுபாட்டைக் காட்டாது. செப்டம்பர், ஜனவரி, மே என மூன்று முறையாவது எடுத்தால்தான் பருவ ஏற்ற இறக்கத்தையும் ஆண்டுப் போக்கையும் பிரித்தறிய முடியும்.

சராசரி மறைப்பது

நீர்த்தர எண்கள் மணி வடிவப் பரவலைப் பின்பற்றுவது அரிது. பெரும்பாலான கிணறுகள் குறைந்த அளவில் குவிந்திருக்க, சில கிணறுகள் மிக உயர்ந்த அளவில் நிற்கும். விளக்கத்துக்கு ஒன்பது கிணறுகளின் திடப்பொருள் அளவை மி.கி. கணக்கில் இப்படிக் கொள்வோம்: 600, 650, 700, 800, 900, 1,100, 1,400, 2,600, 6,000. சராசரி 1,639, இடைநிலை அளவு 900, பெருக்குச் சராசரி ஏறத்தாழ 1,190. மூன்றுமே 2,000 என்ற வரம்புக்குள் அடங்குகின்றன. ஆனால் ஒன்பதில் இரண்டு கிணறுகள் வரம்பைத் தாண்டியவை. அந்த இரண்டை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு மூன்று சராசரிகளாலும் பயனில்லை. ஆகவே அறிக்கை தர வேண்டியது வரம்பைத் தாண்டிய பங்கு, 90ஆம் நூற்றுமானம், அவற்றின் நம்பிக்கை இடைவெளி. கிணறுகளின் பங்கோடு, அவற்றைக் குடிப்போர் எண்ணிக்கையால் எடையிட்ட பங்கையும் தர வேண்டும். நூறு வீடுகள் குடிக்கும் ஆழ்துளைக் கிணறும் கைவிடப்பட்ட தோட்டக் கிணறும் பொதுச் சுகாதாரக் கணக்கில் சமமாகா.

கருவியால் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த மாதிரிகளும் உண்டு. அவற்றைச் சுழியம் என்றோ, கண்டறி வரம்பில் பாதி என்றோ எழுதிவிடும் பழக்கம் பரவலானது; அது இல்லாத போக்கை உண்டாக்கும், இருப்பதை மறைக்கும். பாதி என்று எழுதினால், புதிய கருவி வந்து கண்டறி வரம்பு இறங்கும் ஆண்டில் மாசு குறைந்துவிட்டதாகவே தோன்றும். மருத்துவத்தில் நோயாளிகளின் வாழ்நாளைக் கணிக்க 1958இல் உருவான கப்லான்–மையர் முறையைத் திருப்பிப் பயன்படுத்தினால் இச்சிக்கல் தீரும்.

பல அளவுகளைச் சேர்த்து ஒற்றை எண்ணாக்கும் நீர்த்தரக் குறியீட்டெண்ணிலும் இதே குறை இருக்கிறது. 1965இல் ஹார்ட்டன் தொடங்கிவைத்த இம்முறை பொதுமக்களுக்குச் செய்தி சொல்ல எளியது. ஆனால் கூட்டிச் சராசரி காணும்போது, மற்றவை நன்றாக இருந்தால் ஃபுளூரைடின் மிகை அதில் மறைந்துவிடும். குடிநீருக்கு மிக மோசமான அளவே தீர்ப்பாக இருக்க வேண்டும்.

போக்கும் விடுபட்ட கிணறுகளும்

ஆண்டுகளாக நீர் கெடுகிறதா, தேறுகிறதா என்று அறிய, பரவலின் வடிவத்தைப் பொருட்படுத்தாத மான்–கெண்டல் சோதனை உலகெங்கும் பயன்படுகிறது. ஒவ்வோர் இரண்டு ஆண்டுகளையும் இணையாக்கி, பிந்தியது கூடியதா குறைந்ததா என்று மட்டும் எண்ணுவது அதன் வழி. பத்து ஆண்டுகளுக்கு 45 இணைகள். எவ்வளவு வேகம் என்பதைச் சொல்வது, அந்த இணைகளின் சரிவுகளுக்கு இடைநிலை காணும் முறை. 1968இல் அதனை முழுமைப்படுத்தியவர் கல்கத்தாவில் பயின்ற பிரணாப் குமார் சென். பருவத்துக்குப் பருவம் தனித்தனியே இச்சோதனையை நடத்திச் சேர்க்கும் முறையை 1982இல் ஹிர்ஷ், ஸ்லாக், ஸ்மித் ஆகியோர் ஆற்றுநீருக்காக வகுத்தனர்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கூடினாலும், அது தற்செயலே என்பதற்கான இருபுற வாய்ப்பு 8.3 விழுக்காடு, வழக்கமான 5 விழுக்காடு மிகைகாண் நிலையை அது எட்டாது. குறைந்தது ஐந்து ஆண்டுகள் வேண்டும், அதுவும் ஒரு முறைகூடத் தவறாமல் கூடியிருந்தால். மறுபுறம், எந்தப் போக்கும் இல்லாத ஆயிரம் கிணறுகளைச் சோதித்தால் ஏறத்தாழ ஐம்பதில் போக்கு இருப்பதாகத் தவறாகத் தெரியும். ஆயிரக்கணக்கான நிலையங்களுக்குப் போக்குப் பட்டியல் வெளியிடும் நாட்டில், 1995இல் பெஞ்சமினி, ஹாக்பெர்க் தந்த திருத்தம் கட்டாயமாக வேண்டும்.

வறண்ட நிலத்தில் இவற்றைவிடப் பெரிய சிக்கல் விடுபட்ட எண்கள். மழை பொய்த்த ஆண்டில் திறந்த கிணறு வற்றுகிறது; அந்த ஆண்டுக்கு மாதிரி இல்லை. நீர் மிக மோசமாக இருந்திருக்கக்கூடிய ஆண்டுகளே தொடரிலிருந்து விழுந்துவிடுகின்றன. இந்த இழப்பு தற்செயலானதன்று. நாம் அளக்க விரும்பும் பொருளோடே அது பிணைந்தது. எஞ்சிய எண்களைக் கொண்டு போக்கு காண்பது நிலைமையை நல்லதாகக் காட்டும். வற்றிய கிணற்றுக்கு மாற்றாக அருகில் ஆழ்துளைக் கிணறு போட்டு அதே நிலைய எண்ணில் பதிவைத் தொடர்ந்தால், நைட்ரேட் திடீரென்று குறைந்து ஃபுளூரைடு திடீரென்று கூடும். மாறியது நீர் இல்லை, அடுக்கு. ‘வற்றியது’ என்பதை ஒரு முடிவாகவே பதிந்து, மாற்றுக் கிணற்றுக்குப் புது எண் கொடுத்து, இரண்டிலும் சில பருவம் ஒருசேர மாதிரி எடுப்பதே இதற்கு வழி.

வரைபடத்தின் எல்லை

கிணற்றுப் புள்ளிகளுக்கு இடையே உள்ள நிலத்தை நிரப்ப, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டி.ஜி. கிரிகே தொடங்கி 1960களில் ஜார்ஜ் மாத்ரோன் கோட்பாடாக்கிய கிரிகிங் முறை பயன்படுகிறது. அருகிலுள்ளவை ஒத்திருக்கும் என்பது அதன் அடிப்படை. கடும்பாறை வெடிப்புகளில் அந்த அடிப்படை தளர்ந்துவிடுகிறது. வங்கதேசத்தின் ஆற்று வண்டல் நிலத்திலேயே, ஆராய்ஹசார் பகுதியில் 25 சதுர கி.மீ.க்குள் ஏறத்தாழ 6,000 குழாய்க் கிணறுகளைச் சோதித்தபோது, நச்சு மிகுந்த கிணறும் நல்ல கிணறும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. பாறை வெடிப்பு நிலத்தில் இது இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

215 சதுர கி.மீ.க்கு ஒரு புள்ளி என்றால் புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 15 கி.மீ. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நேர்க்கோட்டில் உள்ள தொலைவைவிட அது அதிகம். அதற்குக் குறைந்த தொலைவில் நிகழும் எந்த மாற்றமும் அந்த வலைக்குள் அகப்படாது. ஆயினும் வரைபடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வழுவழுப்பாக வந்துவிடும். வண்ணம் தீட்டிய வரைபடத்தோடு, அதன் மதிப்பீட்டுப் பிழையைக் காட்டும் இன்னொரு வரைபடமும் வெளியாக வேண்டும். அளவுக்குப் பதிலாக ‘வரம்பைத் தாண்டும் வாய்ப்பு’ வரையப்பட்டால் இன்னும் நல்லது.

தமிழ்நாட்டில் நிலத்தடி நீரின் இருப்பு 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 1,166 குறுவட்டங்களுக்குக் கணக்கிடப்பட்டது. தரத்துக்கும் அதே அலகு வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. குறுவட்டத்துக்கு ஓரிரு மாதிரிகளே உள்ள நிலையில், 1979இல் ஃபே, ஹெரியட் தந்த சிறுபரப்பு மதிப்பீட்டு முறை கைகொடுக்கும். மண், பாறை, ஆழம், மழை ஆகிய துணைத் தகவல்களைக் கொண்டு, ஒத்த குறுவட்டங்களிடமிருந்து வலிமையை வாங்கிக்கொள்ளும் முறை இது.

ஊர்ச் சோதனையும் அதன் திருத்தமும்

ஜல் ஜீவன் திட்டம் ஊர்தோறும் ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தருகிறது. மாதிரி எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் உயர்த்தக்கூடிய ஏற்பாடு இது, மதிக்கத்தக்கது. பெட்டிச் சோதனையின் பிழையைக் கணக்கில் எடுத்தால்தான் அதன் முழுப் பயனும் கிடைக்கும். 1,000 ஆதாரங்களில் 90 உண்மையாகவே கெட்டவை என்றும், பெட்டி இரு திசையிலும் 90 விழுக்காடு சரியாகச் சொல்கிறது என்றும் கொள்வோம். கெட்ட 90இல் 81ஐ அது பிடிக்கும். நல்ல 910இல் 91ஐத் தவறாகக் குற்றம் சாட்டும். பிடிபட்ட 172இல் 47 விழுக்காடுதான் உண்மையில் கெட்டவை. கெடுதியின் அளவு 9 விழுக்காட்டுக்குப் பதில் 17.2 என்று தோன்றும். 1978இல் ரோகன், கிளாடன் தந்த எளிய சூத்திரம் இதனைத் திருத்தி மீண்டும் 9 என்று தந்துவிடும். அதற்கு வேண்டியது, பெட்டி சொன்ன முடிவுகளில் ஒரு பகுதியை வாய்ப்பு முறையில் எடுத்து ஆய்வகத்தில் சரிபார்ப்பது.

இதைவிடச் சிக்கனமான வழி இருகட்டக் கூறெடுப்பு. மின்கடத்துத்திறன் அளக்கும் கையடக்கக் கருவி விலை குறைந்தது. ஒரு நிமிடத்தில் எண் தரும். திடப்பொருள் அளவு அந்த எண்ணில் ஏறத்தாழ 0.64 மடங்கு. மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை தம் ஊர் ஆதாரங்கள் அனைத்தையும் அளந்து பதியலாம். கருவியை 1,413 மைக்ரோ சீமென்ஸ் செந்தரக் கரைசலில் அவ்வப்போது சரிபார்த்தால் போதும். பிறகு ஒவ்வொரு பிரிவிலும் சிலவற்றை மட்டும் முழு ஆய்வுக்கு அனுப்பி, இரண்டின் உறவைக் கொண்டு எஞ்சியவற்றை மதிப்பிடலாம். உப்புக்கு இது நன்றாகப் பொருந்தும். ஃபுளூரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் உறவு தளர்வானது. அவற்றுக்கு ஆய்வக மாதிரிகள் கூடுதலாக வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து இந்நிலத்துக்கான கண்காணிப்புத் திட்டம் இவ்வாறு அமைகிறது. கரிசல் – செவல், திறந்த கிணறு – ஆழ்துளைக் கிணறு என்ற இரு வேறுபாடுகளால் நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் வாய்ப்பு முறையில், ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் கிணறுகள். ஒன்றியத்துக்கு 32க்குக் குறையாமல். செப்டம்பர், ஜனவரி, மே என வட்டார மழையைப் பின்பற்றும் மூன்று பருவங்கள். எல்லா ஆதாரங்களிலும் மாதாந்தர மின்கடத்துத்திறன் அளவீடு. வற்றிய கிணற்றுக்கும் பதிவு. அறிக்கையில் வரம்பைத் தாண்டிய பங்கும் அதன் நம்பிக்கை இடைவெளியும். இவற்றை நடத்தப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகமும், ஊராட்சிகளும், கோவிலாங்குளத்திலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், அருகிலுள்ள கல்லூரிகளின் வேதியியல், புள்ளியியல் துறைகளும் ஏற்கெனவே இருக்கின்றன.

நாட்டின் விழுக்காடு நாட்டுக்குத் தேவை. நிதி ஒதுக்கவும் கொள்கை வகுக்கவும் அது உதவும். ஆனால் குடிக்கும் தண்ணீர் ஊரின் தண்ணீர். எந்தக் கிணற்று நீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று கேட்கும் தாய்க்கு 9.04 என்ற எண் விடையாகாது. அவர் ஊரின் பெயரையும், கிணற்றின் பெயரையும், சோதித்த மாதத்தையும், முடிவின் உறுதியையும் சேர்த்துச் சொல்லும் அறிக்கையே விடையாகும். அத்தகைய அறிக்கை ஒவ்வொரு பருவத்திலும் ஊராட்சி மன்றச் சுவரில் தமிழில் எழுதப்பட வேண்டும். அதைப் படித்துக் கேள்வி கேட்கும் உரிமை கிராம சபைக்கு உண்டு.